பேக் அவுட், ரிசைன், வித்ட்ரா: விலகுவதற்கு எந்தச் சொல்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டருக்குச் சம்மதம் சொல்லிவிட்டார், இன்னும் வேலையில் சேரவில்லை, அதற்குள் வேறு இடத்தில் இதைவிட நல்ல வேலை கிடைத்துவிட்டது. முதல் கம்பெனிக்கு ‘ஐ வாண்ட் டு பேக் அவுட் ஃப்ரம் தி ஆஃபர்’ என்று மெயில் எழுதி வைத்திருக்கிறார். நண்பர் ஒருவர் ரிசைன் என்று போடச் சொல்கிறார், இன்னொருவர் வித்ட்ரா என்கிறார். எல்லாமே விலகுவதுதானே, எதைப் போட்டால் என்ன என்பது அவர் கேள்வி.

முதலில், அந்த மெயிலை அனுப்பிவிடாதீர்கள். பேக் அவுட் தப்பான இங்கிலீஷ் இல்லை, ஆனால் அது உங்களைப் பற்றி அந்த எச்.ஆர். சொல்ல வேண்டிய வார்த்தை; வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவிவிட்டார் என்கிற குறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரிசைன் வரவே வராது, சேராத வேலையை யாரும் ராஜினாமா செய்ய முடியாது. சம்மதம் சொல்வதற்கு முன்னால் என்றால் டிக்லைன், சொன்ன பிறகு சேருவதற்கு முன்னால் என்றால் வித்ட்ரா, சேர்ந்த பிறகு என்றால்தான் ரிசைன். ஆகவே உங்களுக்கு வித்ட்ரா.

ஆனால் எதை வித்ட்ரா செய்கிறீர்கள் என்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழில் இந்தச் சொற்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன: விலகு, விலக்கு, நீங்கு, நீக்கு, ஒதுங்கு, ஒதுக்கு. தானே நகர்ந்தால் ஒன்று, இன்னொன்றை நகர்த்தினால் இன்னொன்று. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். இங்கிலீஷில் வித்ட்ரா என்கிற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்யும், எந்த வேலை என்பதை ‘ஃப்ரம்’ காட்டிக்கொடுக்கும். ‘ஐ வித்ட்ரூ ஃப்ரம் தி கோர்ஸ்’ என்றால் நான் படிப்பிலிருந்து விலகினேன். ‘ஐ வித்ட்ரூ மை அப்ளிகேஷன்’ என்றால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினேன். இரண்டையும் கலந்து ‘ஐ வித்ட்ரூ ஃப்ரம் மை அப்ளிகேஷன்’ என்று எழுதினால் விண்ணப்பத்துக்குள்ளிருந்து நீங்கள் எழுந்து வெளியே வந்த மாதிரி இருக்கும். வாபஸ் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் ஃப்ரம் வேண்டாம். பாங்கில் பணம் எடுப்பதும், வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெறுவதும், பேசிய பேச்சைத் திரும்பப் பெறுவதும் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

ரிமூவ் என்பது விலக்குகிற, நீக்குகிற வேலையை மட்டும் செய்யும் சொல். ‘ஐ ரிமூவ்டு ஃப்ரம் தி வாட்ஸப் குரூப்’ என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்! யாரை நீக்கினீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். அட்மின் உங்களைத் தூக்கியிருந்தால் ‘ஐ வாஸ் ரிமூவ்டு’, நீங்களே வெளியே வந்திருந்தால் ‘ஐ லெஃப்ட்’. அலுவலகத்தில் எல்லோரும் சொல்லும் ‘ஐ ரிலீவ்டு ஃப்ரம் மை கம்பெனி’யிலும் இதே கோளாறுதான். ‘ஐ வாஸ் ரிலீவ்டு’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும், இங்கே எல்லோருக்கும் புரியும், ஆனால் லண்டனில் இருப்பவர் வேலை போனதில் உங்களுக்கு அவ்வளவு நிம்மதியா என்று நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, தேவையில்லாத இடத்தில் ஃப்ரம் போடுவது. தமிழில் ‘கம்பெனியிலிருந்து’ என்று சொல்லிப் பழகியதால் ‘ஐ லெஃப்ட் ஃப்ரம் தி கம்பெனி’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. லீவ், குவிட் இரண்டுக்கும் ஃப்ரம் கிடையாது. ரிசைன், ரிடையர் இரண்டுக்கும் பெரும்பாலும் உண்டு. டிவோர்ஸுக்கும் கிடையாது, ‘ஷி டிவோர்ஸ்டு ஹிம்’ அவ்வளவுதான். செபரேட்டட் என்பது வேறு நிலை: பிரிந்து வாழ்கிறார்கள், சட்டப்படி மணம் இன்னும் முறியவில்லை. இந்து திருமணச் சட்டம், 1955-லேயே கோர்ட் மூலம் பிரிந்து வாழ்வதற்கு 10-ஆம் பிரிவு, விவாகரத்துக்கு 13-ஆம் பிரிவு என்று தனித்தனியாக இருக்கிறது, அதனால் படிவங்களில் இரண்டையும் ஒன்றாக நினைத்து டிக் செய்யாதீர்கள். ‘பார்ட்’ இன்னும் வேடிக்கை. மனிதரைப் பிரிந்தால் பார்ட் ஃப்ரம், பொருளை மனமில்லாமல் கொடுத்தால் பார்ட் வித். ‘ஐ பார்ட்டட் வித் மை வைஃப்’ என்று எழுதினால் பழைய பைக்கை விற்ற மாதிரி ஒலிக்கும்.

சரி, ரிட்ரீட், ரிசீட், சிசீட் மூன்றும் தேர்வுக்குப் படிப்பவர்களைக் குழப்புவதால் அதையும் பார்த்துவிடலாம். எதிராளியின் அழுத்தத்தால் பின்வாங்கினால் ரிட்ரீட். 1812-இல் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து திரும்பியதை அப்படித்தான் சொல்வார்கள். ரிசீட் பெரும்பாலும் தானாகக் குறைவது, வெள்ளம் வடிவது, முன்நெற்றியில் முடி பின்னேறுவது. சிசீட் அரசியல் சொல்: ஒரு நாட்டின் பகுதி அந்த நாட்டிலிருந்து பிரிந்துபோவது. 1860 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் சவுத் கரோலினா செய்தது அதைத்தான். ஆனால் 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டுப் போனபோது சட்டத்தில் இருந்த சொல் வித்ட்ரா, ஏனென்றால் அது உறுப்பு நாடாக இருந்த ஒப்பந்த அமைப்பை விட்டு விலகியது. 2016 வாக்குச்சீட்டிலோ சாதாரண மக்களுக்குப் புரியும்படி வெறும் லீவ் என்றுதான் போட்டிருந்தார்கள்.

ரிடையர் என்றால் நமக்கு 58 வயதும் பென்ஷனும்தான் ஞாபகம் வரும். கிரிக்கெட்டில் அடிபட்டுப் போனால் ரிடையர்டு ஹர்ட், சரியானதும் திரும்ப வந்து ஆடலாம். 2022 ஐ.பி.எல்.லில் ராஜஸ்தானுக்கு ஆடிய அஸ்வின் அடிபடாமலே, அணியின் கணக்குக்காக நடுவில் வெளியேறினார். அது ரிடையர்டு அவுட், அவுட்டாகவே கணக்கு. ஐ.பி.எல்.லில் அப்படிப் போன முதல் ஆள் அவர்தான்.

இனி உங்கள் மெயில். ‘ஆஃப்டர் கேர்ஃபுல் தாட், ஐ ஹேவ் டிசைடட் டு வித்ட்ரா மை அக்செப்டன்ஸ் ஆஃப் தி ஆஃபர்.’ ஃப்ரம் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? கூடவே தாமதமாகச் சொல்வதற்கு ஒரு வருத்தம், அது போதும். அந்த இன்னொரு கம்பெனியின் பெயரை எழுதாதீர்கள். இறந்தகாலம் வேண்டுமானால் வித்ட்ரூ, வித்ட்ராடு என்று ஒன்று கிடையாது. சப்ஜெக்ட் வரியில் வித்ட்ராயல் என்று போடுவதாக இருந்தால், பல பாங்க் போர்டுகளிலேயே விட்டுப்போகும் எழுத்து ஒன்று இருக்கிறது: கடைசி ‘டபிள்யூ’வுக்கும் ‘எல்’லுக்கும் நடுவில் ஒரு ‘ஏ’.