கேள்வி பதில்: தாமிரம் தின்ற ஊர்

போன இதழில் அமெரிக்கச் சுரங்கங்களைப் பற்றி எழுதும்போது, மொன்டானா மாநிலத்தில் இருக்கும் பியூட் என்ற ஊரைப் பற்றி, தாமிரத்துக்காக ஊரையே தோண்டிவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுப் பக்கமும் பியூட்டுக்கே.

கேள்வி: மேப்பில் தேடினேன். சுற்றிலும் மலைதான் தெரிகிறது. இங்கே எப்படி ஒரு ஊர்?

சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ராக்கி மலைத்தொடருக்குள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரத்தில் இருக்கிறது பியூட். ஊருக்குக் கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் முகடுதான் அந்தக் கண்டத்தின் தண்ணீரையே இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் விழுகிற மழை மிசூரி, மிசிசிப்பி என்று சுற்றி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். இந்தப் பக்கம், அதாவது பியூட்டில் விழுகிற மழை, சில்வர் போ என்ற சின்ன ஓடையில் சேர்ந்து கடைசியில் கொலம்பியா நதி வழியாகப் பசிபிக்கில் கலக்கும். இந்த ஓடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பழைய ஊர் மலைச்சரிவில், புது ஊர் கீழே சமவெளியில். இரண்டு பெரிய தேசிய நெடுஞ்சாலைகள் இங்கே சந்திக்கின்றன. பெரும்பாலானவர்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேள்வி: தங்கத்துக்காக ஓடினார்கள் என்று படித்திருக்கிறேன். தாமிரத்துக்காகவா ஒரு நகரமே எழும்பியது?

ஆரம்பம் தங்கம்தான். 1864-ல் ஓடை மணலை அலசினார்கள், சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அப்புறம் வெள்ளி. மார்கஸ் டேலி என்ற அயர்லாந்துக்காரர் அனகொண்டா என்ற சுரங்கத்தை வெள்ளிக்காகத்தான் வாங்கினார். ஆனால் 1882-ல் சில நூறு அடி ஆழத்தில் தட்டுப்பட்டது கனமான தாமிரத் தாது. அதே 1882-ல்தான் நியூயார்க்கில் எடிசன் தன் மின்நிலையத்தைத் திறந்தார். மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும், டெலிபோனுக்கும் கம்பி வேண்டும், கம்பிக்குத் தாமிரம் வேண்டும். ரயிலும் அதற்கு முந்தைய ஆண்டே வந்து சேர்ந்திருந்தது. இதைவிட நல்ல நேரத்தில் யாருக்கும் புதையல் கிடைத்திருக்காது.

டேலிக்குப் போட்டியாக வில்லியம் கிளார்க், அப்புறம் ஹைன்ஸி. இந்த மூவரையும் தாமிர ராஜாக்கள் என்பார்கள். எனக்குப் பிடித்த வில்லன் ஹைன்ஸிதான். அப்போதைய சட்டப்படி ஒரு தாதுப் படிவின் உச்சி யாருடைய நிலத்தில் இருக்கிறதோ, அவர் அதைப் பின்தொடர்ந்து பக்கத்து நிலத்துக்கு அடியிலும் தோண்டலாம். ஹைன்ஸி கண்ட இடத்திலெல்லாம் துண்டு நிலம் வாங்கி, உச்சி என்னுடையது என்று வழக்குப் போட்டார். உள்ளூர் நீதிபதியும் அவர் பக்கம். பூமிக்கு அடியில் இரு தரப்புத் தொழிலாளர்களும் சுரங்கப்பாதைகளுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எதிர்த்தரப்பான டேலியின் அனகொண்டா கம்பெனி சும்மா இருக்குமா? அது அப்போது ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனி ஆட்களின் கைக்குப் போயிருந்தது. 1903-ல் எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் இல்லை. நீதிபதியை மாற்றிக் கேட்க வழிசெய்யும் சட்டம் வேண்டும், அதற்குச் சட்டமன்றத்தைக் கூட்டு என்றார்கள். ஆளுநர் கூட்டினார், சட்டமும் வந்தது. ஹைன்ஸி 1906-ல் விற்றுவிட்டு நியூயார்க் போனார். அங்கே அவர் சகோதரர்கள் தாமிரப் பங்குகளில் ஆடிய சூதாட்டம் கவிழ்ந்ததுதான் 1907-ன் வங்கி நெருக்கடிக்கு முதல் பொறி.

கேள்வி: கிளார்க் செனட் பதவியை விலைக்கு வாங்கினாராமே, உண்மையா?

வாங்கினார், திருப்பியும் கொடுத்தார், மறுபடியும் வாங்கப் பார்த்தார். அந்தக் காலத்தில் அமெரிக்க செனட் உறுப்பினரை மக்கள் அல்ல, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். 1899-ல் ஒரு உறுப்பினர், லஞ்சமாக வந்தது என்று சொல்லி 30,000 டாலரைச் சபையிலேயே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் கிளார்க் ஜெயித்தார்! வாஷிங்டனில் விசாரணைக் குழு இவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத, வெளியேற்றுவதற்கு முன் 1900-ல் ராஜினாமா செய்தார். அந்தச் சமயம் பார்த்து மொன்டானா ஆளுநர் வெளிமாநிலம் போயிருந்தார். துணை ஆளுநர் அதே காலியிடத்துக்கு அதே கிளார்க்கை நியமித்தார். அது செல்லவில்லை. அடுத்த ஆண்டு முறைப்படித் தேர்வாகி, 1907 வரை செனட்டில் உட்கார்ந்திருந்தார். 1913-ல் மக்களே நேரடியாக செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் திருத்தம் வந்ததற்கு இந்த மாதிரிக் கூத்துகளும் ஒரு காரணம்.

இன்னொன்று. லாஸ் வேகஸ் இருக்கும் மாவட்டத்துக்கு கிளார்க் என்று பெயர். அதே ஆள்தான், அவருடைய ரயில் கம்பெனி 1905-ல் மனைகளை ஏலம் விட்டுத்தான் அந்த ஊர் பிறந்தது. பியூட்டின் உருக்காலைப் புகையில் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பது பெண்களின் மேனி நிறத்துக்கு நல்லது என்று மொன்டானாவின் அரசியல் சாசன மாநாட்டில் பேசியவரும் இவரே.

கேள்வி: யார் யார் அங்கே வேலைக்கு வந்தார்கள்?

யார்தான் வரவில்லை. 1900 வாக்கில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அயர்லாந்து வழிவந்தவர்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து பரம்பரைச் சுரங்கக்காரர்கள், பின்லாந்துக்காரர்கள், இத்தாலியர்கள், செர்பியர்கள், குரோவேஷியர்கள், லெபனான்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்டை.

சீனர்கள் கதை வேறு. தங்கம் அலசும் காலத்திலேயே வந்துவிட்டவர்கள், ஆனால் தாமிரச் சுரங்கத்தில் அவர்களுக்கு வேலை கிடையாது. உணவகம், சலவை, மருந்துக்கடை என்று பிழைத்தார்கள். 1896-97-ல் தொழிற்சங்கங்கள் சேர்ந்து சீனர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி, வாசலில் ஆள் நிறுத்தின. சீன வியாபாரிகள் வழக்கறிஞர் வைத்து வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். முதலாளியிடம் நியாயம் கேட்ட சங்கங்கள்தான் இதையும் செய்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பீக்கின் நூடுல் பார்லர் என்ற சீன உணவகம் 1911-ல் தொடங்கி ஒரே குடும்பத்தின் கையில் இன்றும் நடக்கிறது.

கேள்வி: 1917-ல் அங்கே ஏதோ பெரிய விபத்து நடந்ததாகக் கேள்வி. கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஜூன் 8 இரவு. கிரானைட் மவுண்டன் சுரங்கக் குழிக்குள் ஒரு கனமான மின் கேபிளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதற்காக? தீயணைப்பு வசதி செய்வதற்காக. கேபிள் நழுவிக் கீழே போய்ச் சிக்கியது. அதைப் பார்க்கப் போன மேற்பார்வையாளரின் தலைவிளக்குச் சுடர், கேபிளைச் சுற்றியிருந்த எண்ணெய்த் துணியில் பட்டது, அவ்வளவுதான். காற்று போகும் குழியே புகைபோக்கி ஆகி, 168 பேர் இறந்தார்கள். நெருப்பில் வெந்தவர்கள் குறைவு, நச்சுப் புகையில் மூச்சு முட்டியவர்களே அதிகம். சட்டைகளைக் கழற்றி இடுக்குகளை அடைத்து, பலகையால் தடுப்புக் கட்டி, தன்னோடு இருந்தவர்களில் 25 பேரைப் பிழைக்க வைத்தார் மேனஸ் டுகன் என்ற தொழிலாளி. அவர் வெளியே வரவில்லை. உள்ளிருந்து மனைவிக்கு எழுதிய குறிப்புகள் மட்டும் கிடைத்தன. அமெரிக்காவில் தாதுச் சுரங்கங்களில் நடந்த விபத்துகளில் இவ்வளவு உயிர் போனது வேறெதிலும் இல்லை.

உடனே வேலைநிறுத்தம். நாடு முதல் உலகப் போருக்குள் நுழைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, தோட்டாவுக்குத் தாமிரம் வேண்டும், வேலைநிறுத்தம் செய்பவன் தேசத்துரோகி என்ற பேச்சு. ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தீவிரத் தொழிற்சங்கத்தின் பிராங்க் லிட்டில் வந்து போரையும் சேர்த்துத் திட்டிப் பேசினார். ஆகஸ்ட் 1 விடியலுக்கு முன் முகமூடி போட்ட ஆறு பேர் அவரை விடுதியிலிருந்து இழுத்துப்போய் ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். கொன்றவர்கள் யாரும் கூண்டில் ஏறவேயில்லை. ராணுவம் வந்து ஊருக்குள் உட்கார்ந்தது, 1921 வரை.

கேள்வி: ஊரையே தோண்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மிகைப்படுத்தவில்லையே?

இல்லை. நல்ல தாது குறையக் குறைய, தாமிரம் குறைவாக உள்ள தாதுவை மொத்தமாக அள்ளுவதுதான் லாபம் என்று கணக்குப் போட்டு, 1955-ல் அனகொண்டா கம்பெனி திறந்தவெளியில் வெட்ட ஆரம்பித்தது. அதுதான் பெர்க்லி குழி. குழி விரியும் திசையில் வீடுகள் இருந்தால் வாங்கிவிடுவார்கள். இத்தாலியர்களின் மீடர்வில் போயிற்று, மக்வீன் போயிற்று, ஈஸ்ட் பியூட் போயிற்று. கிளார்க் கட்டிய கொலம்பியா கார்டன்ஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்காவை 1973-ல் மூடினார்கள், அதே ஆண்டு அது எரிந்தும் போனது. ஊர்க்காரர்கள் இதைப் பற்றி இன்றும் கோபமாகவே பேசுகிறார்கள். சாப்பாடு போட்ட கம்பெனிதான் வீட்டையும் தின்றது, ஆனால் எதிர்த்தால் வேலை போகும். இந்த இக்கட்டைப் புரிந்துகொள்ளாமல், ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்பது எளிது.

1971-ல் சிலி நாடு அனகொண்டாவின் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியது, கம்பெனிக்கு முதுகு முறிந்தது. 1977-ல் ஒரு எண்ணெய்க் கம்பெனி வாங்கி, 1982-ல் குழியை மூடி, ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்த பம்புகளையும் நிறுத்தியது. நாள் ஏப்ரல் 22, புவி தினம்! பழைய சுரங்கப்பாதைகளில் தண்ணீர் ஏறியது, குழியும் நிரம்ப ஆரம்பித்தது. ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம், 1,700 அடிக்கு மேல் ஆழமான குழியில், ஒரு காலத்தில் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த தண்ணீர். தாமிரம், ஆர்சனிக், காட்மியம் எல்லாம் கரைந்தது. அந்தத் தண்ணீரைப் பழைய இரும்புத் துண்டுகள் மேல் ஓடவிட்டுத் தாமிரத்தைப் பிரித்தும் எடுத்தார்கள்.

அந்த சில்வர் போ ஓடை? 1908 வெள்ளத்தில் சுரங்கக் கழிவெல்லாம் அதில் அடித்துக்கொண்டு போய், 120 மைல் தள்ளி மிசூலா நகருக்கு அருகே மில்டவுன் அணையில் படிந்தது. அந்த அணையை 2008-ல் உடைத்துத்தான் ஆற்றைச் சுத்தம் செய்ய முடிந்தது.

கேள்வி: அந்தக் குழியில் இறங்கிய வாத்துகள் செத்துப்போனதாகப் படித்தேன். வதந்தியா?

வதந்தி இல்லை. பனி வாத்துகள், வலசை போகும் வழியில் இறங்கியவை. 1995-ல் 342. 2016 நவம்பரில் புயலில் சிக்கி ஆயிரக்கணக்கில் இறங்கி, 3,000-க்கும் மேல் இறந்தன. இப்போது பறவைகளை விரட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். 2019 முதல் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து வெளியேற்றுகிறார்கள், ஏனென்றால் மட்டம் இன்னும் ஏறினால் நிலத்தடி நீரில் கலந்துவிடும். இந்த வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது.

கேள்வி: பைக்கில் பஸ்களைத் தாண்டிக் குதித்த ஈவல் கினீவல் அந்த ஊரா?

அதே ஊர். 1938-ல் பிறந்தார், 2007-ல் அங்கேயே புதைக்கப்பட்டார்.

கேள்வி: இப்போது யாராவது அங்கே இருக்கிறார்களா? போனால் என்ன பார்க்கலாம்?

சுமார் 35,000 பேர் இருக்கிறார்கள். 1920-ல் அந்த மாவட்டத்தில் 60,000. பக்கத்திலேயே இன்னொரு திறந்தவெளிச் சுரங்கம் 1986 முதல் வேறு கம்பெனியின் கையில் நடக்கிறது. சுரங்கக் கல்லூரியாக 1900-ல் தொடங்கிய மொன்டானா டெக்கும் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை என்றால் முதலில் பெர்க்லி குழிதான், ஒரு குகைவழி நடந்து போய் மேடையில் நின்று பார்க்கலாம். ஊருக்குள் அங்கங்கே நிற்கும் கறுப்பு இரும்புக் கோபுரங்கள், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய தூக்கிகளின் மிச்சம். கிழக்கு முகட்டில் 90 அடி உயர மாதா சிலை ஒன்று தெரியும். சுரங்கங்கள் மூடி வேலை போன காலத்தில் ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் வெல்டிங் செய்து, 1985-ல் ஹெலிகாப்டரில் துண்டு துண்டாக ஏற்றி நிறுத்தியது. மார்ச் 17-ல் போனால் அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலம், கூட்டம் தாங்காது. சாப்பிட பேஸ்டி: இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பொட்டலம், கார்ன்வால்காரர்கள் சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போனது. பியூட்டில் அதன் மேல் கிரேவி ஊற்றுவார்கள். கார்ன்வாலில் போய் இதைச் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.