சமூகப் பணி இளங்கலையில் களப்பணி எதற்கு?

பி.எஸ்.டபிள்யூ. (Bachelor of Social Work) என்பது சமூகப் பணிக்கான 3 ஆண்டு இளங்கலைப் படிப்பு. அதில் களப்பணி என்றால், மாணவர் ஒரு மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ குடியிருப்புப் பகுதியிலோ மேற்பார்வையாளரின் கீழ் பணிபுரிந்து அறிக்கை எழுதுவது. மதிப்பெண்ணும் உண்டு.

காரணம் எளிது. பள்ளியிலிருந்து ஒரு சிறுமி நின்றுவிட்டால் பாடநூல் ‘வறுமை’ என்று சொல்லும். வீட்டுக்குப் போனால்தான் தெரியும்: அம்மா விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அங்கே தேவை அறிவுரையல்ல, பக்கத்தில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். தோசை மாவு எட்டு மணி நேரத்தில் புளிக்கும் என்று சமையல் குறிப்பில் இருக்கும். மார்கழிக் குளிரில் புளிக்காது. மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படித்தான் களப்பணியும். (அறிக்கை எழுதுவது அலுப்பான வேலை. ஆனால் நாம் எதைக் கவனிக்கத் தவறினோம் என்பது அதில்தான் பிடிபடும்.)

‘இரக்க மனம் போதும், இதற்கு எதற்குப் பட்டம்?’ என்பார்கள். சமூகப் பணி ஓய்வுநேரத் தொண்டு அல்ல. மருத்துவமனை, போதை மீட்பு மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் சம்பளத்துக்குச் செய்யும் தொழில். பல பதவிகளுக்கு முதுகலையும் கேட்கிறார்கள்.