கூலன்ட் சரி, எந்தத் தண்ணீர்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ரோட்டாக்ஸ் 912 விமான எஞ்சினை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டுகிறோம். கூலன்ட் மாற்ற வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் பச்சை, சிவப்பு இரண்டையும் காட்டி, "எதை வேணா ஊத்துங்க" என்கிறார்கள். "சென்னையில் எது உறையப்போகிறது, வெறும் தண்ணீரே போதும்" என்கிறான் நண்பன். எதை வாங்குவது?
- மாணவர், குரோம்பேட்டை

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. நமக்கு உறைவது கவலையில்லை; கொதிப்பதும் அரிப்பதும்தான் கவலை. இந்த எஞ்சினில் சிலிண்டர்களைக் காற்றும், சிலிண்டர் ஹெட்டைக் கூலன்டும் குளிர்விக்கின்றன. ஹெட் அலுமினியம். அதை அரிக்காமல் காக்கும் சரக்கு வெறும் தண்ணீரில் கிடையாது.

கூலன்டின் முக்கியச் சரக்கான எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸ். கூலன்ட் தொட்டியின் இறுக்கமான மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். அதற்காகக் கிளைக்காலை அதிகம் ஊற்றாதீர்கள். சூட்டை வாங்கிக்கொண்டு போவதில் தண்ணீரை மிஞ்ச அதனால் முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சின்கூட முதலில் தனிக் கிளைக்காலில் ஓடி, பிறகு 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால் கலவைக்குத்தான் மாறியது.

கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஞ்சின் கையேடு ஏற்கும் வகைதானா, தண்ணீர் கலக்க வேண்டிய கான்சன்ட்ரேட்டா, ஏற்கெனவே கலந்த ரெடி மிக்ஸா என்று லேபிளில் பாருங்கள். பாதிக்குப் பாதி ரெடி மிக்ஸில் மறுபடி சம அளவு தண்ணீர் சேர்த்தால் கிளைக்கால் கால் பங்காகிவிடும். வேறு வகைப் பழைய கூலன்டோடு கலக்கவும் வேண்டாம்.

உண்மையில் நம் ஊரில் கெடுப்பது தண்ணீர்தான். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பெரிய செலவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.

தண்ணீரே சேராத கூலன்டும் உண்டு. விலை அதிகம், எஞ்சினும் கூடுதல் சூட்டில் ஓடும், வெப்பநிலை வரம்பும் அதற்கேற்ப மாறும். பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் வடிக்கவும் வேண்டும். டெஸ்ட் பெஞ்சுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம், வடித்த கூலன்ட் இனிக்கும் விஷம். தெருநாய் நக்குகிற இடத்தில் ஊற்றாதீர்கள், குளிர்பான பாட்டிலிலும் வைக்காதீர்கள்.