நகராத பங்கின் ஏற்ற இறக்கம்

அன்புள்ள ஐயா,

ஒரே பங்கின் ஓராண்டுத் தரவில் வாலட்டிலிட்டியை, அதாவது விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டேன். தினசரி க்ளோசிங் (நாள் முடிவு) விலையில் வருவதைவிட ஒரு நிமிடத் தரவில் நன்றாகவே கூடுதலாக வருகிறது. தரவு பெருகினால் விடை துல்லியமாகத்தானே வர வேண்டும்? எதை நம்புவது?

ர.

அன்புள்ள ர.,

கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்தக் கூடுதலில் ஒரு பகுதி விலையின் நகர்விலிருந்து வருவதல்ல, சந்தையில் வியாபாரம் நடக்கும் விதத்திலிருந்து வருவது. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பங்கு நாள் முழுக்க அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தரும் விலை 100 ரூபாய், விற்பவர் கேட்பது 100 ரூபாய் 5 பைசா. ஒவ்வொரு நிமிடத்தின் கடைசி வியாபாரமும் இவற்றில் ஒன்றில் முடியும், இரண்டுக்கும் சம வாய்ப்பு. நம் சந்தை 9.15 முதல் 3.30 வரை, 375 நிமிடம். நிமிட மாற்றங்களை வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், நாளுக்குச் சுமார் 0.7 சதவீத வாலட்டிலிட்டி வந்து நிற்கும். நகராத பங்குக்கு! ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை என்றால் 0.3. நொடிக்கு ஒன்று என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். நெருங்க நெருங்க அந்த 5 பைசா இடைவெளியைத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறோம்.

அதற்காகத் தினசரி விலையே போதும் என்று சொல்ல மாட்டேன். 2010 மே 6 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குச்சந்தைக் குறியீடு பிற்பகலில் மளமளவென்று சரிந்து, சுமார் 1,000 புள்ளி, ஏறக்குறைய 9 சதவீத இறக்கத்தைத் தொட்டது. அப்புறம் பெருமளவு மீண்டு, 3.2 சதவீத இறக்கத்தில் முடிந்தது. ஸ்டாப்லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்கும்படி முன்பே வைக்கும் ஆர்டர்) அடிபட்டு நடுவில் வெளியேறியவர்களின் நஷ்டம் க்ளோசிங் விலையில் தெரியாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை எடுப்பது, மிக நெருக்கமான தரவுக்கும் தினசரி விலைக்கும் நடுவே வந்த வழக்கம். லியு, பேட்டன், ஷெப்பர்ட் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 400 அளவீட்டு முறைகளுக்குமேல் ஒப்பிட்டார்கள். எளிய ஐந்து நிமிடக் கணக்கைத் தெளிவாக மிஞ்சுவது கடினமாகவே இருந்தது. ஆனால் அதிகம் கைமாறாத பங்குக்கு ஐந்து நிமிடமும் மிக நெருக்கமான இடைவெளிதான். 1, 2, 5, 10, 15, 30 நிமிடங்களில் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். கோடு எங்கே சரிவதை நிறுத்திச் சமமாகிறதோ, அதுதான் உங்கள் பங்குக்கான கால இடைவெளி.

இன்னொன்று. 3.30-க்கும் மறுநாள் 9.15-க்கும் இடையே நிகழும் தாவல் தினசரி விலையில் இருக்கிறது. நிமிடக் கணக்கில் அதைச் சேர்த்தீர்களா? சேர்க்காமலே இவ்வளவு கூடியிருந்தால், இரைச்சல், அதாவது வாங்கும், விற்கும் விலைகளின் இடைவெளி உண்டாக்கும் போலி ஏற்ற இறக்கம், நீங்கள் நினைப்பதைவிடப் பெரிது.