66 சதவீதம் என்பது மார்க்கே இல்லை

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "இறுதியாண்டு புராஜெக்டுக்கு மியூட்டாக் டேட்டாவில் ஜிசிஎன் (மூலக்கூறை அணுக்களும் பிணைப்புகளுமான வலையாகப் படிக்கும் நியூரல் நெட்வொர்க்) வைத்து மூலக்கூறுகளை வகைப்படுத்துகிறேன். மீன் பூலிங்தான். லேயரை இரண்டிலிருந்து எட்டாக்கியும் 66 சதவீதத்தைத் தாண்டவில்லை. இன்னும் கூட்டவா?"

லேயரைக் கூட்டாதே மக்ளே, கூட்ட வேண்டிய இடம் வேறு. மியூட்டாக்கில் இருப்பதே 188 மூலக்கூறுகள், அதில் பாக்டீரியாவின் மரபணுவில் மாற்றம் உண்டாக்குபவை 125. வகுத்துப் பார், 66.5 வரும். அனேகமாக உன் மாடல் எதைக் காட்டினாலும் 'ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறது. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸை, அதாவது எந்த வகையை எதுவென்று சொன்னது என்ற அட்டவணையை, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் பத்தே பத்து மூலக்கூறுகளைக் கொடுத்து ஓட்டு. அதை மனப்பாடம்கூடச் செய்ய முடியவில்லை என்றால் கோடில்தான் கோளாறு, அணு வகையை ஒழுங்காக உள்ளே கொடுத்தாயா என்று பார்.

ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாகப் பதினெட்டு அணுக்கள்தான். ஒவ்வொரு லேயரிலும் ஒரு அணு தன் பக்கத்து அணுக்களின் தகவலைச் சேர்த்துக்கொள்ளும், எட்டு லேயர் போனால் எல்லா அணுவும் எல்லார் கதையையும் கேட்டு ஒரே மாதிரி ஆகிவிடும். மூன்று போதும்.

அடுத்து மீன் பூலிங். குளச்சல் மீன் இல்லை, எல்லா அணுக்களின் எண்களையும் மூலக்கூறுக்கு ஒன்றாகச் சுருக்கும் சராசரி. தோவாளையில் பிச்சியும் அரளியும் பாதிக்குப் பாதி வைத்துக் கட்டிய ஒரு முழத்தையும் பத்து முழத்தையும் சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான், விலை ஒன்றா? உன் டேட்டாவில் ஒட்டிய வளையங்கள் எத்தனை என்பதே பெரிய துப்பு, அந்த எண்ணிக்கையைத்தான் சராசரி அழித்துவிடுகிறது. ஆகவே கூட்டுத்தொகை எடு. பக்கத்து அணுக்களின் தகவலைச் சேர்க்கும்போதும் அப்படியே. 2019-ல் வந்த ஜின் (ஜிசிஎன் போன்ற இன்னொரு நெட்வொர்க்) மாடலின் சாரமே அதுதான்.

ஆனால் ஜின்னுக்கும் வளையம் சரியாகத் தெரியாது. டெகலின் என்பது ஒட்டிய இரண்டு அறுகோணம், பைசைக்ளோபென்டைல் என்பது ஒரு பிணைப்பால் இணைந்த இரண்டு ஐங்கோணம். இரண்டிலும் பத்து கார்பன்தான், ஒவ்வொரு அணுவும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் விசாரித்துக்கொண்டே போனால் கடைசிவரை வித்தியாசமே பிடிபடாது. கிளம்பிய அணுவுக்கே சரியாக ஐந்து அடியில் திரும்ப முடியுமா என்று கேட்டுப் பார்: டெகலினில் முடியவே முடியாது, மற்றதில் முடியும். இப்படி மனம்போன போக்கில் நடந்து இரண்டு முதல் எட்டு அடி வரை திரும்பி வரும் நிகழ்தகவுகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு அணுவின் அம்சங்களோடும் சேர்த்துவிடு. பத்து வரி கோடு, எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

சரி, அளப்பது. டேட்டாவைப் பத்துக் கூறாக்கி ஒவ்வொரு கூறாகச் சோதித்தால் ஒரு கூறில் 18, 19 மூலக்கூறுகள்தான் வரும், ஒன்று தப்பினாலே ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதனால் ரேண்டம் சீட் எனும் தொடக்க எண்ணை மாற்றி மாற்றி ஓட்டி, சராசரியோடு விலகலையும் எழுது (இங்கே சராசரி நல்ல பிள்ளை). டெஸ்ட் மதிப்பெண்ணைப் பார்த்து எபோக்கை (எத்தனை சுற்றுப் பயிற்சி என்பதை) தேர்ந்தெடுக்காதே, வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். அணு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு ரேண்டம் ஃபாரஸ்டும் (பல முடிவு மரங்கள் ஓட்டுப்போடும் எளிய மாடல்) ஓட்டி வை, அது உன் நெட்வொர்க்கை முந்தினால் அதையும் அறிக்கையில் போடு.