வான் பாஸ்டனின் கணுக்கால்

அன்புள்ள ஐயா,

1988 முதல் ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்து வருகிறேன். இன்றைய வீரர்கள் பின்தொடைத் தசை லேசாகப் பிடித்துக்கொண்டாலே ஆறு வாரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் முன்கள வீரர் வான் பாஸ்டன் போன்றவர்கள் வலியோடு ஆடினார்களே! இவர்களுக்கு அந்த மன உறுதி இல்லையா?

க.

அன்புள்ள க.,

வான் பாஸ்டன் பெயரை நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு மனம் ஆறாத கதை அது.

1986 டிசம்பரில் அயாக்ஸ் என்ற நெதர்லாந்து கிளப் அணிக்காக ஆடும்போது அவருடைய கணுக்கால் அடிபட்டது. பயிற்சியாளர் க்ரைஃப் ஓர் ஏற்பாடு செய்தார்: சில உள்ளூர் ஆட்டங்களை விட்டுவிடலாம், பயிற்சியையும் குறைத்துக்கொள்ளலாம், ஐரோப்பிய ஆட்டங்களில் மட்டும் இறங்கியே ஆக வேண்டும். இறங்கினார். 1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய கிளப் கோப்பை ஒன்றின் இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது.

மறு ஆண்டு மியூனிக்கில், நாடுகளுக்கான யூரோ கோப்பை இறுதியாட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக, பந்தைத் தரையில் விழவிடாமல் அவர் அடித்த கோலைத்தான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 1993 மே 26 அன்று அதே அரங்கில், இத்தாலியின் ஏசி மிலான் அணிக்காக, பிரான்சின் மார்சேய்க்கு எதிராக ஆடினார். அதுவே கடைசி ஆட்டம். வயது 28. அறுவை சிகிச்சைகள் எதுவும் பலிக்காமல் 1995 ஆகஸ்டில் மிலானின் சான் சிரோ அரங்கில் விடைபெற்றார். இரவில் கழிப்பறைக்குத் தவழ்ந்து போனதைப் பின்னாளில் அவரே எழுதினார். கடைசியில் கணுக்கால் மூட்டை அசையாதபடி இறுக்கிப் பிணைத்த பிறகுதான் வலி அடங்கியது.

மூட்டில் எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. தேய்ந்தால் தேய்ந்ததுதான். மன உறுதியால் அதை வளர்த்துவிட முடியாது.

தசை அப்படியல்ல, கூடும். ஆனால் அவகாசம் வேண்டும். பின்தொடைத் தசை மறுபடியும் கிழிவது பெரும்பாலும் வீரர் திரும்பி வந்த இரண்டு மாதங்களுக்குள்தான். அந்த ஆறு வாரத்தில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. நீண்ட நிலையிலேயே பாரம் தாங்கத் தசையை நாள்தோறும் பழக்குகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காயம் குறையவில்லை என்பதுதான் என் கவலை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஎஃபா 2001 முதல் நடத்திவரும் ஆய்வில், மொத்தக் காயங்களில் பின்தொடைத் தசையின் பங்கு முதல் பருவத்தில் 12 சதவீதம்; 2021–22இல் 24. ஆட்டம் வேகமாகிவிட்டது, ஆட்டங்களும் பெருகிவிட்டன. கோபப்படுவதானால் அட்டவணை போடுகிறவர்கள் மீது கோபப்படுங்கள். 2025 கோடையில், ஐரோப்பிய லீக்குகள் முடிந்த கையோடு, கிளப் உலகக் கோப்பை என்று 32 கிளப்புகளை அமெரிக்க வெயிலில் ஒரு மாதம் ஆட வைத்தார்கள்.