முதலாளி பெரிய கை, சம்பவம் எல்லைக்கு அந்தப் பக்கம்: புகாரை எங்கே கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். அண்ணன் மகளுக்கு 22 வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் வந்திருக்கிறார் என்று சொல்லி முதலாளி அவளை ஒரு ரிசார்ட்டுக்கு வரவழைத்து பலாத்காரம் செய்துவிட்டார். 12 நாளாகிறது. இங்கே ஸ்டேஷனில், சம்பவம் தமிழ்நாட்டில் நடந்தது, அங்கே போங்கள் என்கிறார்கள். முதலாளிக்கு இரண்டு பக்கமும் கட்சிக்காரர்கள் பழக்கம். ஒருவர் வீட்டுக்கே வந்து, எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு முத்திரைத் தாளில் எழுதிக் கொடுங்கள், பெரிய இடத்துக் கேஸ் நிற்காது என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த எட்டு லட்சத்தைப் பேசிவிடுவோம். அதைத் தொடாதீர்கள். அட்வான்ஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம்.

பாலியல் வன்கொடுமை, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றங்களில் வராது. ஆகவே அந்த முத்திரைத் தாளால் வழக்கு முடியாது. அப்புறம் எதற்கு அதைக் கேட்கிறார்கள்? 'தவறான புரிதலால் பேசிவிட்டேன், எனக்கும் அவருக்கும் எந்தத் தகராறும் இல்லை' என்று எழுதி, கீழே தொகையையும் போட்டு வாங்குவார்கள். நாளைக்கு நீங்கள் மனம் மாறிப் புகார் கொடுத்தால், முன்ஜாமீன் மனுவில் முதல் ஆவணமாக அதுதான் வரும்: 'பணம் பறிக்கப் போட்ட பொய் வழக்கு, இதோ ரசீது.' கூடவே உங்கள் அண்ணன்மேல் மிரட்டிப் பணம் பறித்ததாக ஓர் எதிர்ப்புகார். கேஸை முடித்துத் தருகிறேன் என்று வருகிறவர் முதலாளிக்கு ஆயுதம் செய்து கொடுக்கத்தான் வருகிறார். எட்டு லட்சத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது வேறு கதை. தேதி போடாத வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் பேச்சே வேண்டாம்.

இந்தத் தரகர்கள் அடுத்து ஒன்று சொல்வார்கள்: 'ஹைகோர்ட்டில் ரத்து செய்துவிடலாம், எத்தனையோ கேஸ் செய்திருக்கிறோம்.' இதில் பாதி உண்மை இருப்பதால் விளக்கிவிடுகிறேன். உயர் நீதிமன்றத்துக்கு வழக்கை ரத்து செய்யும் தனி அதிகாரம் உண்டு. ஆனால் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடிய குற்றங்களைச் சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக ரத்து செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. அதையும் மீறி, வழக்கின் தனிச் சூழ்நிலையைப் பார்த்து ரத்து செய்த தீர்ப்புகள் உண்டு. 2025-ல் உச்ச நீதிமன்றமே அப்படி ஒன்றைச் செய்தது. காதலித்தார்கள், கல்யாணத்தில் சிக்கல், புகார், பிறகு இருவருமே சேர்ந்துவிட்டார்கள் என்கிற மாதிரியான வழக்குகளில் சில உயர் நீதிமன்றங்கள் இளகுவதும் உண்டு. வேலை கொடுத்த முதலாளி பொய் சொல்லி வரவழைத்தது அந்த வகை இல்லை. தரகர் காட்டும் தீர்ப்பு நகலை வாங்கி, எந்தச் சூழ்நிலையில் ரத்தானது என்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

சரி, புகார். கொழிஞ்சாம்பாறையிலேயே கொடுக்கலாம். சம்பவம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனும் வழக்குப் பதிய வேண்டும். பதிந்த பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு நினைவிருக்கிறதா? 2013-ல் ஜோத்பூர் அருகே நடந்த சம்பவத்துக்குப் புகார் பதிவானது டெல்லியில். ஆசிரமங்கள், கோடிகள், லட்சக்கணக்கான பக்தர்கள், தாக்கப்பட்ட, கொல்லப்பட்ட சாட்சிகள் என எல்லாவற்றையும் தாண்டி 2018-ல் ஆயுள் தண்டனை வந்தது. 'எங்கள் லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இதைச் சொல்லித்தான் வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல்! மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். அவள் விரும்பினால் வீட்டிலேயே. மலையாளத்தில் எழுதுவார்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, நேரம், இடம், யார் வரச் சொன்னது என்பதையெல்லாம் சரிபார்த்துவிட்டு அவள் கையெழுத்திடட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அன்றே கேளுங்கள். ரிசார்ட் கேமரா பதிவையும் வருகைப் பதிவேட்டையும் உடனே கைப்பற்ற வேண்டும் என்று புகாரிலேயே எழுதுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். வாட்ஸாப்பில் எதையும் அழிக்க வேண்டாம். துணி துவைத்தாகிவிட்டது என்றாலும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகட்டும். தாமதம் ஏன் என்று ஒரு வரி போதும்: ஸ்டேஷனுக்குப் போனோம், திருப்பி அனுப்பினார்கள்.

பெரிய இடத்துக் கேஸ் நிற்காது என்று பயமுறுத்துகிறார்களே, பணம் பெரும்பாலும் வாங்குவது காலத்தைத்தான். மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் போனது. அதுவும் சில பக்கங்கள் நீக்கப்பட்டு வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். மூணாறுக்குப் பக்கத்துச் சூரியநெல்லியில், பலரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வழக்கு 1996-ல் தொடங்கி, நடுவில் உயர் நீதிமன்றம் பெரும்பாலானவர்களை விடுவித்து, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியனுப்பி, 2014-ல்தான் தண்டனை உறுதியானது. அத்தனை வருஷத்தில் சாட்சிகள் களைத்துப்போவார்கள், சிலர் விலைபோவார்கள். தமிழ்நாட்டை உலுக்கிய பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-ல் ஒரு போலீஸ் அதிகாரியே புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆனாலும் சாட்சி ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. உங்கள் வழக்கிலும் சாட்சிகளைக் காப்பதுதான் முக்கியம். மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுக்கலாம். முதலாளி ஜாமீன் கேட்கும்போது உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு ஒரு வக்கீல் கட்டாயம் ஆஜராகட்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் பாலக்காடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். உதவி எண் 15100. தரகர் மறுபடி வந்தால், வந்த தேதியையும் பேசியதையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, புகாரோடு அதையும் கொடுத்துவிடுங்கள்.